அளவு ஜாக்கெட்

வேல்விழி பத்து வருஷத்துக்கு மேல் தொழில்முறை டென்னிஸ் ஆடியவள். துனிசியா, துருக்கி என்று சுற்றி, உலகத் தரவரிசையில் ஐந்நூறுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷம் முன்பு சங்கரன்கோவிலுக்கே திரும்பிவிட்டாள். சிவகிரியிலிருந்து நல்ல வரன் வந்தபோது அவள் அம்மா அன்னக்கிளி இதையெல்லாம் மொத்தமாக முழுங்கிவிட்டாள். பெண் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்ததாகச் சொல்லியாயிற்று. குட்டைப் பாவாடை போட்டு நாடு நாடாக ஆடியவளை எவன் கட்டுவான் என்பது அன்னக்கிளியின் கட்சி. ஆட்டந்தான் முடிந்ததே என்று வேல்விழியும் வாயை மூடிக்கொண்டாள்.

நிச்சயப் புடவையோடு ஜாக்கெட்டையும் மாப்பிள்ளை வீட்டார் தைத்துக் கொண்டுவருவது வழக்கம். பெண் வீட்டார் அளவு ஜாக்கெட் கொடுத்துவிட வேண்டும். வேல்விழியிடம் ஏது ஜாக்கெட்? பெட்டி நிறைய டீ-ஷர்ட்தான். அதே உடல்வாகுள்ள தன் தங்கை மகளின் ஜாக்கெட்டை அன்னக்கிளி கொடுத்தனுப்பினாள். ராக்கெட் பிடித்த வலது கை இடது கையைவிடப் பருத்திருக்கும் என்பது பெற்றவளுக்கே நினைவில் வரவில்லை.

நிச்சயத்தன்று புடவை மாற்றப் போனவள் திரும்பவில்லை. இடது கை சுலபமாக நுழைந்தது. வலது கை பாதியில் நின்றுவிட்டது. என்ன தாமதம் என்று பார்க்க மாப்பிள்ளையின் அம்மா சண்முகவடிவே உள்ளே வந்தாள். இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்ததில் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

பின்னாலேயே ஓடிவந்த அன்னக்கிளி சமாளிக்கிறேன் பேர்வழி என்று, சின்ன வயதில் வந்த வீக்கம், மருந்து சாப்பிட்டால் வற்றிவிடும் என்றாள். டென்னிஸுக்கு நோயே தேவலை என்று தோன்றியிருக்கிறது. வேல்விழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"வத்தாது அத்தை. நோயி இல்ல, நெசத்தச் சொல்லுதேன். இது டென்னிஸ் ஆடுன கை. வெளிநாடெல்லாம் போயி ஆடியிருக்கேன்."

கல்யாணம் அவ்வளவுதான் என்று அன்னக்கிளி நாற்காலியில் சரிந்தாள்.

சண்முகவடிவோ நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டாள். என்ன வியாதியோ என்று பயந்தே போனாளாம். கத்தரிக்கோல் வாங்கி வலது கைத் தையலைப் பிரித்தபடியே கேட்டாள்.

"இவ்வளவு தூரம் ஆடிட்டு ஏன் தாயி விட்டுட்ட?"

இரண்டு வருஷமாக வீட்டில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"தோத்துக்கிட்டே இருந்தேன் அத்தை. தாங்க முடியல."

சொல்லி முடிப்பதற்குள் வேல்விழிக்கு அழுகை பொங்கிவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள். பிள்ளை அழுது முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு சண்முகவடிவு தாழ்ப்பாளைப் போட்டாள்.