மூன்றாவது கேபிளில் சந்தனம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. ஏதோ கல்லூரியில் வானத்து ரேடியோ அலைகளைக் கேட்கிற கருவி, ஆயுத பூஜை போட்ட மறுநாளிலிருந்து படுத்துக்கொண்டதாம். பக்கத்து இலைக்காரர் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அப்புறம்?"

"ஒரு பொண்ணு கேபிளை ஒழுங்கா மாட்டலியாம். அந்தப் பொண்ணயே தூக்கிட்டாங்க."

அதற்கப்புறம் பாயசம் இறங்கவில்லை எனக்கு. அந்தப் பெண் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தால்? இனி வருவதெல்லாம் என் கற்பனை. சந்தனம் உட்பட.

2.

தொடக்கங்கள்:

தென்னேரி ஏரிக்கரையில் நான்கு ஆண்டெனாக்கள் விடியலை நோக்கி

(அடித்துவிட்டேன். விடியலை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.)

பிரபஞ்சத்தின் பேரமைதியில்

(சீ.)

நேராகவே வருகிறேன். நான்கு ஆண்டெனா, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசீவர் போர்டு. நான்கும் ஒரே தாளத்தில் ஓடினால்தான் அலை வானத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியும். அந்தத் தாளத்தைக் கொடுக்க ஒரு கடிகாரப் பெட்டி. அதிலிருந்து போர்டுக்கு ஒன்றாக ஒரே நீளத்தில் நான்கு கேபிள்கள். ஒரு போர்டு இம்மி பிசகினாலும், கோயில் கோஷ்டியில் ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு ஓதுகிற மாதிரிதான். மொத்தமும் பாழ்.

கேபிள் வேலை ஜீவிதாவுடையது. தென்னேரிக்காரி, விவசாயக் குடும்பம். கணக்கு வேலை ஸிந்துஜாவுடையது. சின்ன காஞ்சிபுரம், கோயில் கைங்கரியக் குடும்பம். இருவரும் ஆராய்ச்சி மாணவிகள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள்.

3.

ஆயுத பூஜையன்று எல்லாவற்றையும் அணைத்து, தூசி தட்டித் துடைத்தார்கள். ஸிந்துஜா பக்கத்தில் நிற்க, ஜீவிதா நான்கு கேபிள்களையும் ஸ்பேனர் போட்டு முடுக்கினாள். சந்தனக் கிண்ணம் ஜீவிதாவின் கையில் இருந்தது. பேராசிரியர் ஆனந்தகுமார் அதை வாங்கி ஸிந்துஜாவிடம் கொடுத்தார்.

"நீ கோயில் வீட்டுப் பொண்ணும்மா. உன் கையால வைம்மா, அதான் முறை."

ஜீவிதா வெறும் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். ஸிந்துஜாவுக்குக் கூசியது, ஆனால் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. (இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்று சேர்த்தால்தான் உண்மையாகும். சேர்த்துவிட்டேன்.)

"பொட்டியோட நிறுத்திக்கோபா. கனெக்டர் பக்கம் வேணாம்," என்றாள் ஜீவிதா.

"சரி சரி, தெரியும்."

ஜீவிதா அந்தப் பக்கம் போனதும், பெட்டியின் பின்புறம் விட்டுப்போன தூசியைத் துடைக்க மூன்றாவது கேபிளைக் கழற்றினாள் ஸிந்துஜா. கை பழக்கத்தில் அதன் கனெக்டர் தலையிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். மாட்டி, முடுக்கி, மறந்துவிட்டாள்.

4.

அடுத்து வந்த நாட்களில்தான், வருஷம் முழுக்கக் காத்திருந்த வானப் பதிவு நடந்தது. மூன்றாவது போர்டு தாளத்தைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. பதிவு மொத்தமும் குப்பை.

சாப்பாட்டு நேரத்தில், ஆய்வகத்தில் யாருமில்லாதபோது, ஸிந்துஜா அந்தக் கேபிளைக் கழற்றிப் பார்த்தாள். கனெக்டர் ஊசியைச் சுற்றி உள்ளே காய்ந்த சந்தனம். அவளுக்கு முகம் தீயாக எரிந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பஞ்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மாட்டியதும் போர்டு ஒழுங்காக ஓடியது.

"கேபிள் லூஸா இருந்துதா?" என்று உள்ளே வந்த ஆனந்தகுமார் கேட்டார்.

ஆமாம் என்பதுபோல் ஸிந்துஜா தலையை ஆட்டினாள். (அவ்வளவுதான். வாயால் அவள் பொய்யே சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கேவலமாகப் படுகிறது.)

"பாத்தியா, நீ கை வெச்சா சரியாயிடுது!"

5.

கூட்டம் போட்டார்கள்.

"ஸ்பேனர் போட்டுத்தான் சார் முடுக்குனேன்," என்றாள் ஜீவிதா.

"பின்ன எப்படிம்மா லூஸாச்சு? தானா கழண்டுக்கிச்சா?"

ஸிந்துஜா எழுந்தாள். இதோ, சொல்லப்போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"சார், பாவம் சார் ஜீவிதா. தெரியாம நடந்திருக்கும். இந்த ஒரு வாட்டி விட்டுடுங்க, ப்ளீஸ்."

தான் செய்த தப்புக்கு அவளை மன்னிக்கச் சொல்லிக் கேட்டாள். உட்காரும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது அவளுக்கு. எழுதிய எனக்கும்தான். ஜீவிதாவைக் குழுவிலிருந்து எடுத்துவிட முடிவாயிற்று. திங்கட்கிழமை கடிதம் போகும்.

6.

முடிவு ஒன்று: ஸிந்துஜா பேராசிரியர் வீட்டுக்குப் போய் அழுது, எல்லாவற்றையும்

(எழுதினேன். ரொம்ப அழகாக வந்தது. அழுதால் கழுவிக்கொண்டு போய்விடும் என்கிற அந்த அழகு பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: ஜீவிதாவே கண்டுபிடித்து

(துடைத்தாயிற்றே. என்னத்தைக் கண்டுபிடிப்பாள்?)

மிச்சமிருப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸிந்துஜாவின் போன் அடிக்கிறது.

"ஸிந்து, பிஸியாகீறியா?"

"இல்ல, சொல்லு."

"தேங்க்ஸ் சொல்லத்தான்பா. அத்தினி பேர் இருந்தாங்க, நீ மட்டும்தான் எனக்காக எழுந்து பேசுன. எங்கம்மாகிட்டகூட சொன்னேன்."

ஸிந்துஜா போனை மறு காதுக்கு மாற்றிக்கொள்கிறாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு," என்கிறாள் ஜீவிதா. குரல் இறங்கிவிட்டது. "யோசிச்சிக்கினே கீறேன். முடுக்குனேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். இப்ப எனக்கே டவுட்டா இருக்குது. பூஜையன்னிக்கு நீ பக்கத்துலதானே இருந்த? அந்த மூணாவது கேபிள நான் முடுக்குனனா, இல்லியா?"

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். கேட்டது ஒரே ஒரு சொல், ஆமாம் அல்லது இல்லை. அதை ஸிந்துஜாவின் வாயில் வைக்க எனக்குத் துப்பில்லை. நீங்கள் வையுங்கள். சீக்கிரம் வையுங்கள். அந்தப் பக்கம் ஜீவிதா தன் கைகளையே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறாள்.