கொம்பு பஸ்ஸும் லோகுவின் பிறந்தநாளும்

கும்மிடிப்பூண்டியில் சாம்சனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் ஓட்டும் கொம்பு பஸ்ஸை டிராக்டர் இழுத்துக்கொண்டு போன வீடியோவைப் பார்க்காதவர்கள் கிடையாது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டாவது வீடியோவுக்கு யாரோ நாதஸ்வரம் வேறு சேர்த்திருந்தார்கள்.

அது பேட்டரி பஸ். கூரைமேல் இரண்டு நீளக் கம்பிகள் கொம்பு மாதிரி படுத்திருக்கும். எளாவூரிலிருந்து தொழிற்பேட்டைத் திருப்பம் வரை பேட்டரியில் ஓடும். திருப்பத்தில் மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்திப் பட்டனை அமுக்கினால் கொம்பு எழுந்து மேலே போகும் மின்கம்பியைத் தொடும். அங்கிருந்து கம்பெனி கேட் வரை மூன்று கிலோமீட்டரும் ஓட ஓடவே சார்ஜ் ஏறும். ஒரு மாதச் சோதனை ஓட்டம். இன்று கடைசி நாள். இன்னொரு தடவை டிராக்டர் வந்தால் பழைய டீசல் பஸ் திரும்பி வரும், சாம்சன் பழையபடி தண்ணி லாரிக்குப் போவான். இன்ஜினியர் நந்தினி காலையிலேயே சொல்லிவிட்டாள்: "ரெண்டு மணி ஷிப்டுக்கு வண்டி தானா கம்பெனி கேட்டுக்கு வரணும் சாம்சன். தானா!"

பஸ்ஸைச் செய்தவர்கள் ஒரே ஒரு தப்புதான் செய்திருந்தார்கள். மீதி சார்ஜைக் காட்டும் பலகையை எல்லாப் பயணிகளுக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டார்கள்.

எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் நகரவேயில்லை.

"அண்ணா, பதினாலுக்கு வந்துட்ச்சு," என்றாள் முன்சீட்டில் இருந்த தமிழ்செல்வி, ஐசியு வாசலில் நிற்கிறவள் குரலில்.

"தெரியுதும்மா."

"பதிமூணு!"

"ஏசிய நிறுத்து நைனா," என்று பின்னாலிருந்து கத்தினான் லோகு. லோகு வெல்டர். இன்று அவனுக்குப் பிறந்தநாள். புதுச்சட்டை போட்டு எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்திருந்தான். கூடவே யோசனையும் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஹாரன் அடிக்காத. அதுவும் கரண்டு தான?"

"அடிக்கலன்னா லாரிக்காரன் எப்டி நவுருவான்?"

"நான் வாயால அடிக்கிறேன்."

ஜன்னலில் தலையை நீட்டி அடித்தான். லாரி நகர்ந்துவிட்டது. அது ஏன் நகர்ந்தது என்று சாம்சனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஏசி நின்றதும் பஸ் இட்லிக் குண்டான் ஆனது. தமிழ்செல்வி ஒவ்வொரு சீட்டாகப் போய் எல்லோருடைய போன் சார்ஜரையும் பிடுங்கினாள். நாலு பேர் இறங்கி நடந்தால் பாரம் குறையும் என்றார் ஒருவர். அவர் இறங்கவில்லை.

திருப்பத்துக்கு வந்தபோது ஆறு சதவீதம், மணி ஒன்று நாற்பத்தாறு. சாம்சன் மஞ்சள் கட்டத்தில் நிறுத்தினான், பட்டனில் விரலை வைத்தான், மேலே பார்த்தான், விரலை எடுத்தான்.

கட்டத்துக்கு நேர் மேலே, மின்கம்பிக்குக் கீழே, ரோட்டுக்குக் குறுக்காக முப்பதடி பேனர். கறுப்புக் கண்ணாடி, கூப்பிய கை, 'தொழிற்பேட்டையின் தங்கமே!' என்ற எழுத்து. கொம்பு எழுந்தால் நேராகத் தங்கத்தின் மூக்கில் குத்தும்.

முப்பத்தெட்டுத் தலைகள் பின்பக்கம் திரும்பின.

"பசங்க கட்டிகிறானுங்க," என்றான் லோகு. "எனுக்கே சர்ப்ரைஸு."

"போய் அவுத்துடு!" என்றான் சாம்சன்.

"பொறந்தநாள் அதுவுமா என் மூஞ்ச நானே எறக்கணுமா? நல்லாவா கீது?"

"அஞ்சு!" என்று அலறினாள் தமிழ்செல்வி.

சாம்சன் எழுந்து திரும்பினான். "லோகு, இங்க வண்டி நின்னா டிராக்டர் வரும். டிராக்டர் வந்தா வீடியோ எடுப்பானுங்க. அந்த வீடியோல வண்டிக்கு மேல யாரு மூஞ்சி கீது?"

லோகு மேலே பார்த்தான். நாதஸ்வரம் காதில் கேட்டிருக்க வேண்டும். இறங்கி ஓடினான்.

நல்லவேளை, இரு பக்கமும் கயிற்றின் நுனியை ஆள் உயரத்தில்தான் கட்டியிருந்தார்கள். இரண்டு முடிச்சையும் பல்லால் அவிழ்த்தான். பேனர் சரிந்து பஸ்ஸின் பக்கவாட்டில் விழுந்தது.

"ரோட்ல உடாதீங்கடா! வண்டி ஏறிடும்! புட்ச்சிக்கோங்க!" என்று கத்திக்கொண்டே லோகு உள்ளே ஏறினான்.

விவாதிக்க நேரமில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் நீண்டு பேனரைப் பிடித்துக்கொண்டன. கொம்பு எழுந்தது. கம்பியைத் தொட்டது. பலகையில் அஞ்சு அஞ்சாகவே நின்றது. பிறகு ஆறு. சிக்ஸர் அடித்த மாதிரி பஸ் கத்தியது.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு, முழுநீள லோகுவோடு பஸ் கேட்டுக்குள் நுழைந்தது. பயணிகள் பேனரை அப்படியே ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு பஞ்ச் அடிக்க ஓடினார்கள். நந்தினி பக்கத்தில் தலைமை ஆபீசிலிருந்து வந்த அதிகாரி நின்றிருந்தார்.

"யாருங்க இவரு?" என்றார் பேனரைப் பார்த்து.

சாம்சனுக்கு வாயில் வந்தது அதுதான்: "ஸ்பான்சர் சார்."

நந்தினி இருமினாள். பிறகு ஜன்னல் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "வண்டி தானா வந்துச்சா?"

"தானாதான் மேடம் வந்துச்சு."

கையிலிருந்த சோதனை ஓட்டத் தாளில் கையெழுத்துப் போட்டாள். "அப்ப நாளைக்கும் வந்துடுங்க. நாளன்னைக்கும்."

"ஸ்பான்சரையும் போட்டோவுக்குக் கூப்பிடுங்க," என்றார் அதிகாரி.

இரண்டாம் தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. லோகு பஞ்ச் அடிக்காமலே ஓடி வந்து நடுவில் நின்று கையைக் கூப்பினான். டிரைவரையும் இறங்கி வரச் சொன்னார்கள்.

சாம்சன் ஸ்டியரிங்கை விடவில்லை.

"பரவால்ல சார். நான் இங்கயே குந்திக்கினு கீறேன்."