எச்சில் ஊறிய பேட்ஜ்

ஜெயில் வார்டரின் பழைய பித்தளை பேட்ஜ் இரண்டாக உடைந்த இடத்தில் எச்சில் ஊறியது. வார்டர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அலமாரியை நகர்த்தும்போது விழுந்து உடைந்த பேட்ஜ், சாயங்காலத்துக்குள் மேசை விரிப்பை நனைத்துவிட்டது. சுருட்டும் சொத்தைப் பல்லும் கலந்த நாற்றம் வீடெங்கும் பரவியது. வார்டரின் மகன், பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். மோந்த உடனே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் வார்டர் தினமும் காலையில் அந்த பேட்ஜில் காறித் துப்பித்தான் மெருகேற்றுவார். துணியைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பது மகன் வேலை. பாதி மகன் முகத்தில் விழும். துடைத்தால் அறை விழும்.

மகன் அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தார். மறுநாள் அது அவர் சட்டைப் பையில் இருந்தது, ஈரமாக. ஆற்றில் எறிந்தார், தலையணைக்கு அடியில் கிடந்தது. அத்தோடு மனைவி பெட்டியைக் கட்டினாள்.

"உங்கப்பா இருந்தப்பவே இந்த எச்சிலைத் துடைச்சுத் துடைச்சு எனக்குக் கை தேஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அடைங்க. இல்லன்னா மக வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள்.

பசை எதையும் மெக்கானிக் நம்பியதில்லை. திருகாணி நிற்கும், பசை பல்லிளிக்கும் என்பது அவர் கட்சி. ஈயம் வைத்துப் பற்றவைக்கப் பார்த்தார்; சூட்டில் முகப்பின் நீல எனாமல் ஒரு பொட்டு பொரிந்து, அந்த ஓட்டையிலும் கசிந்தது. சூப்பர் க்ளூ வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது. இரண்டு குழாயைக் கலந்து பூசும் எபாக்சி, விடிந்து பார்த்தால் சளியாகத் தொங்கியது. தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசையை அது தின்றேவிட்டது. ஏப்பச் சத்தம் கேட்டதாக மனைவி சொன்னாள்.

"ஈரம் போகத் துடைச்சுட்டு ஒட்டணும் பெரியவரே" என்றார் பசை விற்ற கடைக்காரர்.

"ஊறுற கிணத்தைத் துணியால துடைப்பியாய்யா நீ?"

"அப்படி என்னதான் ஊறுது?"

"எங்கப்பன்."

கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் வண்டி வந்து நின்றது. மனைவி பெட்டியைத் தூக்கினாள். மெக்கானிக் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தார். விரலிடுக்கில் கொழகொழவென்று வழிந்தது. சின்ன வயதிலிருந்து விழுங்கி வைத்ததெல்லாம் ஒன்றாக மேலே வந்தது. அடித்தொண்டையிலிருந்து காறி, "தூ! நீயெல்லாம் ஒரு மனுசனா!" என்று உடைந்த இடத்திலேயே துப்பினார்.

அது கல்லாக இறுகியது. சுத்தியலால் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. மனைவி மோந்து பார்த்தாள், நாற்றம் இல்லை. வண்டியைத் திருப்பி அனுப்பினாள்.

அந்தப் பசை ஒரு நாளைக்குத்தான் தாங்கும். அதனால் மெக்கானிக் தினமும் பல் தேய்த்ததும் போய் ஒரு தடவை துப்பிவிட்டு வருகிறார். "துப்பியாச்சா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்பாள். அவர் வெளியூர் போனால் அந்த வேலையை அவளே பார்த்துக்கொள்கிறாள். அவள் துப்பினால் இரண்டு நாள் தாங்குகிறது.