ஒற்றைக் கைக்கு ஒரு பலகை

பயணிகள் படகில் வெகுகாலம் சமையல்காரராக இருந்த ஆஸ்பியோர்னுக்குப் பக்கவாதம் வந்து, இடது கையை மட்டும் முடக்கிவிட்டுப் போனது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது. கேலி அதற்கும் முன்பே திரும்பிவிட்டது. ஆனால் ரொட்டி அறுக்க முடியவில்லை. மனைவி மாக்ன்ஹில்ட் அறுத்து வைத்தால் தொடமாட்டார். கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

அவருடைய தங்கை தூரிட், ஃபியோர்டு எனும் குறுகிய கடற்கழியின் கரையில் பழைய படகுக் கொட்டகையொன்றில் மரப் பலகைகள் செய்பவள். காய் நறுக்கவும், மீனும் பாலாடைக்கட்டியும் பரிமாறவும் அவள் செய்யும் பலகைகளை வாங்குகிறவர்கள், அழுக்காகிவிடுமென்று சுவரில் மாட்டிவைப்பார்கள். அது அவளுக்குப் பிடிக்காது.

அண்ணனுக்காக ஒரு பலகை செய்தாள். ரொட்டியைக் குத்தி நிறுத்த, அதில் எஃகு முட்கள் வரிசையாக நின்றன.

"என்னடி இது? பாவம் பண்ணவங்கள படுக்க வைக்கிற பலகையா?"

"ரொட்டி நகராம இருக்கறதுக்குண்ணே."

"நோயாளி சாமான் என் மேசைக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போ."

தூரிட்டுக்கு வந்த கோபத்தில் கதவு அதிர்ந்தது. கொட்டகைக்கு வந்து அந்தப் பலகையை மறுபடி பார்த்தாள். அழகான பொருளைச் செய்கிற தன் கைதான் இதையும் செய்ததா என்றிருந்தது. அண்ணன் சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் தன் இடது கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, சாதாரணப் பலகையில் ரொட்டியை வைத்து அறுத்துப் பார்த்தாள். பலகை வழுக்கியது, ரொட்டி அதன் பின்னாலேயே ஓடித் தரையில் கிடந்த மரச்சுருளில் விழுந்து புரண்டது. சிரிப்பு வந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது வரவில்லை. இதைத்தானே அவர் தினமும் பார்க்கிறார்!

கத்தி ரொட்டியையும் பலகையையும் முன்னால்தான் தள்ளுகிறது. அப்படியானால் தள்ளட்டும், தள்ளத் தள்ள இறுகும்படி செய்தால் போதும். மேசை விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ள, பலகையின் அடியில் உதடுபோல் துருத்தும் ஒரு பட்டை வைத்தாள். மேலே, எதிர்ப்பக்கத்தில், வலது கை வீச்சுக்கு ஏற்பச் சற்று இடப்புறம் தள்ளி, உயர்ந்த இரண்டு கரைகள் சாய்ந்து வந்து கூடும்படி வரைந்தாள். முதலில் கோணம் அகலமாகிப்போய் ரொட்டி சுழன்றது. குறுக்கினாள். இப்போது பெரிய ரொட்டி வாயிலேயே இறுகி நின்றது, சின்னது உள்ளே போய் இறுகியது; இரண்டும் அசையவில்லை. கரைகளை ஒட்டவைக்க மனமில்லை. கனமான எல்ம் மரத்துண்டு ஒன்றிலிருந்தே குடைந்தெடுத்தாள். துகள் தங்காமல் மூலைகளை உருட்டி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்ததும் மரத்தின் ரேகைகள் அலையலையாக எழுந்தன.

சனிக்கிழமை அதை அண்ணன் வீட்டு மேசையில் வைத்தாள். மாக்ன்ஹில்ட் அப்போதுதான் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்திருந்தாள்.

"கடைக்குப் புதுசா செஞ்சிருக்கேன்ணே. கத்தி பிடிக்கத் தெரிஞ்ச ஆளு ஒருதரம் பாத்துச் சொன்னா நல்லது."

"அறுபது வயசாகியும் உனக்குப் பொய் சொல்ல வரலயேடி." ஆஸ்பியோர்ன் பலகையைத் தடவினார். அடியில் விரலை விட்டுப் பார்த்தார். "படகோட மூக்கு மாதிரி வச்சிருக்க."

"அப்படியா? நான் நெனைக்கவேயில்ல."

அவர் ரொட்டியை உள்ளே தள்ளி, கத்தியை வைத்தார். இரண்டு பெண்களும் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார்கள். ரொட்டியின் மேல்தோல் நொறுங்கும் சத்தம் கேட்டது. முதல் துண்டு ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து சாய்ந்தது. இரண்டாவது நேராக விழுந்தது. மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

"போதுங்க," என்றாள் மாக்ன்ஹில்ட். "நாம மூணு பேருதான்."

"பேசாம வெண்ணெய எடுத்துட்டு வா."

நிறுத்தவேயில்லை. முழு ரொட்டியும் துண்டுகளானது. அடுத்த ரொட்டிக்கும் அவர் கை நீண்டபோது மாக்ன்ஹில்ட் அதைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். ஓடியவள் அங்கே நின்று சிரிப்பது மேசைவரை கேட்டது.

"தூரிட்," என்றார் ஆஸ்பியோர்ன், வாய் நிறைய ரொட்டியோடு. "நான் கைக்கு உடற்பயிற்சி செய்யப் போற எடத்துல ஒருத்தன் இருக்கான். அவனுக்கு வலது கை போச்சு. இதத் திருப்பிச் செய்ய முடியுமா?"

தூரிட் பென்சிலைத் தேடினாள். அதற்குள் அவர் இன்னொரு துண்டில் வெண்ணெய் தடவி, அவள் தட்டில் வைத்துவிட்டார்.