ஐந்தாவது பண்ணை

சிற்றாலயக் கூடத்தின் பின்னறையில், ஈரக் கோட்டுகள் சொட்டிக்கொண்டிருந்த ஆணிகளுக்குக் கீழே உட்கார்ந்து டெக்வின் பண்ணைப் பெயர்களுக்கு விரல் மடக்கிக்கொண்டிருந்தார். ஹென்ட்ரே. டை-இசா. ஹாவோட். பென்-லான். நான்கு விரல் மடங்கிற்று. சுண்டுவிரல் அப்படியே நின்றது.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். இருந்தது, மனைவி எலுனெட் பிறந்த வீட்டின் பெயர். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்ச் சாப்பிட்ட வீடு. தாளை மடித்துப் பைக்குள் வைத்தவர், பயம் வந்து மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

போன வசந்தத்தில் ஒரு கச்சேரியில் ஆரம்பித்தது. எல்லாருக்கும் தெரிந்த அவருடைய பழைய பாட்டில் இரண்டாவது சரணம் வரவில்லை. கை மட்டும் கிட்டாரில் ஓடிக்கொண்டிருந்தது. வியர்ப்பதற்குள் கூட்டம் அதை எடுத்துக்கொண்டது. ஞாயிறு ஆராதனையில் பாடுகிற மாதிரியே, பெண்கள் மேலே, ஆண்கள் கீழே, நாலு குரலாகப் பிரிந்து பாடி முடித்தார்கள். முடித்துவிட்டு அவருக்கே கை தட்டினார்கள். பாட்டை நமக்கே கொடுத்துவிட்டார் பாருங்கள் என்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பெருந்தன்மை என்று எழுதியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் ஏதாவது ஒன்று தொலைந்தது, ஒவ்வொரு முறையும் யாரோ பொறுக்கிக் கொடுத்தார்கள். எலுனெட்டும்தான், ஒன்றும் தெரியாமல், சிரித்துக்கொண்டே.

இன்றைக்குப் புதுப் பாட்டு. அவள் எழுபதாவது பிறந்த நாளுக்குக் கட்டியது. அவர் வீட்டிலிருந்து அவள் பிறந்த பண்ணை வீடு வரைக்கும் போகிற பாதை, சரணத்துக்கு ஒரு பண்ணை. இந்தப் பாட்டு இந்தக் கூடத்தில் அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

மென்னா தேநீரோடு வந்தாள். பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"இன்னிக்காவது முழுசா நீயே பாடுவியா? டீயும் நாங்களே போட்டு, பாட்டும் நாங்களே பாடணும்னா உன்னை எதுக்குக் கூப்பிடறது?"

சிரிக்கப் பார்த்தார். தேநீர் தட்டில் சிந்தியது.

"அட, டீயைக் கொட்டிட்டே பாரு. ஊரெல்லாம் பாடினவனுக்கு நம்ம நாப்பது மூஞ்சியப் பாத்தா பயம்?"

"நாப்பதும் தெரிஞ்ச மூஞ்சி. அதான்."

தாளைப் பார்த்துப் பாடினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் தாளைப் பார்த்துப் பாடுகிறவர்களை மளிகைப் பட்டியல் வாசிக்கிறவர்கள் என்று மேடைக்கு மேடை கிண்டல் செய்தவர் அவர்தான். அந்தக் கிண்டலுக்குச் சிரித்தவர்கள்தான் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. இடைவேளையில் குலுக்கல் நடந்தது. எலுனெட்டுக்கு ஒரு பிஸ்கட் டின் விழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் மழை அடித்தது. டெக்வின் புதுப் பாட்டைத் தொடங்கினார்.

ஹென்ட்ரே என்ற பெயர் வந்ததும் அந்தப் பண்ணைக்காரர் காலால் தரையைத் தட்டினார். டை-இசாவுக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஹாவோட், பென்-லான். பாட்டு எங்கே போகிறது என்று கூடத்துக்கே புரிந்துவிட்டது. எலுனெட் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது சரணம். பாலம் தாண்டியாயிற்று. புகைபோக்கி தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் நிற்கிறாள். அந்த வீட்டின் பெயர்

ஒன்றுமில்லை. கிணற்றில் விட்ட வாளி தண்ணீரைத் தொடாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. தாள் கிட்டாருக்குப் பின்னால், நெஞ்சை ஒட்டி இருந்தது. விரல்கள் அதே அடியைத் திரும்பத் திரும்ப மீட்டின.

"எலுனெட்!" பின்னாலிருந்து மென்னாவின் குரல் வந்தது. "உன் வீட்டுப் பேரை உன் வாயால கேக்கணுமாம்டி."

கூடம் குலுங்கிச் சிரித்தது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. ஆண்கள் வாய் மூடி ராகத்தை இழுக்கத் தொடங்கினார்கள். பெண்கள் அதற்கு மேலே ஏறினார்கள். நாலு சரணம் கேட்டது போதும் அவர்களுக்கு. அவள் பேசுவதற்காக அழகாக இடம் விட்டு, மெதுவாக இழுத்தார்கள்.

எலுனெட் சிரித்தபடியே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பதிலுக்குச் சிரிக்க முயன்றார். உதடு அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பனிமூட்டத்தில் மந்தையை விட்டுப் பிரிந்த ஆட்டைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பிறகு அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நீ சொல்லு, டெக்," என்றாள், மெதுவாக.

கூடத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. யாரோ விசிலடித்தார்கள். ராகம் கடைசி அடிக்கு வந்து, இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, மறுபடி முதலடிக்குத் திரும்பியது. அவருடைய மற்ற விரல்கள் கூடவே ஓடின. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் எந்தத் தந்தியையும் தொடாமல், நீட்டியபடி நின்றது.