பல்பு மங்கவில்லை

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட மீன்தொட்டி மேல்தான் பாசம் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடல் தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளம், இரண்டு ஆரஞ்சு மீன், ஒரு நத்தை. பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியில் மூக்கு ஒட்ட உட்கார்ந்துவிடுவார். எனக்கோ தொட்டிக்கு மேலே எரியும் விளக்கைப் பார்த்தாலே கண் கூசும்.

அந்தத் தொட்டியில்தான் பாசி பிடித்தது. பச்சைப் பச்சையாக, சீவாத தலைமுடி மாதிரி பவளத்தின் மேல் தொங்கியது. பழி முழுக்க என் தலையில்.

"மீனுக்குத் தீனியை அள்ளிக் கொட்டுறே. மிச்சம் அழுகித்தான் பாசி வருது."

"ஆமா, உங்களுக்கே சோறு போட நேரமில்ல, உங்க மீனுக்கு விருந்து வைக்கிறேனாக்கும்!"

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்து உட்கார்ந்து தேய்ப்பார். தேய்த்த இடத்திலேயே மறுபடி முளைக்கும். பவளம் வெளுக்க ஆரம்பித்தது. பல்பு மங்கிவிட்டது, வெளிச்சம் பத்தாமல்தான் வாடுகிறது என்று புது விளக்கு வாங்கி மாட்டினார். அதுவும் மங்கலாகத்தான் எரிகிறதாம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று நான் வாய்க்குள் முனகிக்கொண்டேன். ஆனாலும் என் புருஷனை ஒருவன் ஏமாற்றினால் விட முடியுமா? அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கடைக்கே போய்ச் சத்தம் போட்டு, அந்த ஆளை வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

கடைக்காரர் உள்ளே வந்ததும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். "என்னக்கா இது, மீன்தொட்டியா, வெல்டிங் பட்டறையா?"

"பல்பு மங்கலா இருக்குன்னு அவர் சொல்றாரே."

"பல்பு புத்தம் புதுசு. யாரோ வெளிச்சத்தை முழுசா ஏத்தி வச்சிருக்காங்க. இவ்வளவு வெளிச்சம் இருந்தா பாசிக்குக் கொண்டாட்டம், பவளத்துக்குத் திண்டாட்டம். வெந்தே போச்சு பாருங்க." விளக்கின் குமிழைத் திருப்பிப் பாதியாகக் குறைத்துவிட்டுப் போனார். இப்போதுதான் என்னால் தொட்டியை நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. மீனின் செதில்கூடத் தெரிந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். வாசல் தாண்டியதும் நின்றார்.

"தொட்டி விளக்கை ஏன் அணைச்சு வச்சிருக்கே?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மாமனாரும் இதே வயதில்தான், "கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் சுவரைத் தடவி நடந்தார்.

"என்னங்க," என்றேன். "மாமாவுக்கு வந்த மாதிரியே உங்களுக்கும் ஆரம்பிச்சிடுச்சா?"

"சும்மா இரு. பல்பு சரியில்ல."

"பல்பு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கும் அது தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க."

நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார். "எனக்கு ரோடு மனப்பாடம்டி. கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்." கல்யாணமான நாளிலிருந்து பெருமையடித்த அதே பேச்சு.

"ரோடு மனப்பாடம். குறுக்கே ஓடுற புள்ளை மனப்பாடமா?"

எனக்குத் தைரியம் சொல்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். "பயப்படாதே. நம்ம சின்னவளைத் தினமும் பக்கத்துலயே உக்கார வச்சுக்கிறேன். சிக்னல் பச்சையானா அவ சொல்லிடுவா. யாராவது குறுக்கே வந்தாலும் சொல்லிடுவா. அவளுக்கு அது விளையாட்டு."

எங்கள் சின்னவள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. எத்தனை பெற்றவர்களின் பிள்ளைகள் அந்த பஸ்ஸில்! பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன்.

"நாளையிலேருந்து பஸ்ஸுக்கு வேற டிரைவரைப் பாத்துக்குங்க சார்," என்றேன். "இவருக்குக் கண்ணு தெரியல."

அவர் என்னைத் தடுக்கவில்லை. தொட்டிப் பக்கம் கையை நீட்டித் தடவி, குமிழைக் கண்டுபிடித்து, கடைசிவரை திருப்பினார். எனக்குக் கண் கூசியது.

"இப்பத்தான் கொஞ்சம் தெரியுது," என்று அழுதார்.