சுபலட்சுமி சாப்பிடாத சாப்பாடு

எண்பத்தொன்பது கிலோ. முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் பேனாவை மூடினார்.

"எழுபத்தஞ்சுக்கு வாங்க, பார்க்கலாம். இந்த உடம்புல கத்தி வைக்க முடியாது. ஜூன் கடைசிக்குள்ள வந்தீங்கன்னா உங்க தம்பிக்கு நல்லது. அதுக்கு மேல அவரு தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், தை மாதக் கடைசி. சுபலட்சுமியின் தம்பி அழகுராஜாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. முப்பத்திரண்டு வயது. பேரையூரில் பருத்தி போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி மதுரைக்கு வந்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறான். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பா இல்லை. ரத்தம் பொருந்தியது அக்கா ஒருத்திக்குத்தான். அவளும் மறுபேச்சில்லாமல் தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றுவிட்டாள். குறுக்கே நின்றது பதினான்கு கிலோ கொழுப்பு.

சாப்பாட்டுக்கு வழி சொல்ல ஆஸ்பத்திரியில் பத்மாசினி என்று ஒரு அம்மாள் இருந்தாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

"காலைல என்ன?"

"ரெண்டு இட்லி மேடம். பசிச்சா மூணு."

"மதியம்?"

"ஒரு கரண்டி சோறு. கொஞ்சம் குழம்பு."

"ராத்திரி?"

"பெரும்பாலும் ஒண்ணும் இல்ல."

பத்மாசினி எழுதுவதை நிறுத்தினாள். "இதை மட்டும் சாப்பிட்டா எண்பத்தொம்பது வராதும்மா. பொய் சொல்றீங்கன்னு சொல்லல. எதையோ விட்டுட்டீங்க."

"சத்தியமா இம்புட்டுத்தான் மேடம்."

"வீட்டுல மிஞ்சுறது எங்க போகும்?"

"நான்தான் தின்பேன். கொட்டவா முடியும்?"

"அதைச் சொல்லுங்க."

"அது சாப்பாடு இல்லையே மேடம். மிச்சம்தானே."

அவள் ஏமாற்றவில்லை. பதினெட்டு வருஷமாக அவளுக்கு அது சாப்பாடு என்று தோன்றியதே இல்லை. அது வேலை. பாத்திரம் கழுவுவதற்கு முந்திய வேலை. பத்மாசினி வேறொரு தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுபலட்சுமியின் புருஷன் சோணைக்குத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புரோட்டாக் கடை. கடையில் விற்காதது வீட்டுக்கு வரும். நான்கு புரோட்டா, ஆறு புரோட்டா, அரைத் தூக்கு சால்னா. விடிந்ததும் அதைச் சுடவைத்துப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துத் தின்பாள். பிறகு பையன்கள் கடித்துப்போட்ட இட்லி. மதியம் மாமியார் தட்டில் ஒதுக்கிய சோறு. சட்டியில் ஒட்டிய குழம்பைச் சோற்றைப் போட்டு வழித்து உருட்டிய உருண்டை. சாயங்காலம் பையன்கள் கொண்டுபோன டிபன் டப்பாக்களில் புளித்துக் கிடப்பது. இதெல்லாம் போகத்தான் அவளுடைய இரண்டு இட்லி.

தாள் நிறைந்தது. பத்மாசினி அதை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"டப்பாவுல வர்ற பவுடர் ஒண்ணும் வேணாம். ஆப்பிளும் வேணாம். சந்தையில இந்த மாசம் எது குவிஞ்சு கிடக்கோ அதை வாங்குங்க. இப்ப அவரைக்காய், பச்சை மொச்சை, பனங்கிழங்கு. பங்குனி சித்திரைன்னா வெள்ளரி, சுரைக்காய், பூசணி, ரெண்டு நுங்கு. சோறுன்னா அளந்து ஒரு கப் குதிரைவாலி. உங்களுக்குன்னு ஒரு தட்டு போட்டுக்கிட்டு, எல்லாருக்கும் முன்னாடி சாப்பிட்டு எந்திரிச்சிருங்க. அப்புறம் அடுப்படிப் பக்கம் கையை வாயில வைக்காதீங்க."

"முன்னாடியா?" என்றாள் சுபலட்சுமி. மற்றதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

மறுநாள் காலையில் தூக்குவாளியைத் திறந்தாள். சால்னாவின் மேல் கொழுப்பு ஆறி வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் ஏடுபோல் மடிந்தது. அதற்குக் கீழே சிவப்பு எண்ணெய், அதற்கும் கீழே யாரோ சப்பிப் போட்டது போல ஒரு எலும்பு. தினமும் பார்த்ததுதான். தினமும் அடுப்பில் வைத்து உருக்கிவிடுவதால் கண்ணில் படவில்லை.

பின்சந்தில் பன்னி வளர்க்கிற சின்னான் காலையில் வாளியோடு வருவான். இந்த வீட்டில் இதுவரை அவனுக்கு அரிசி களைந்த தண்ணீர் மட்டுமே கிடைத்திருந்தது. அன்றைக்கு அவள் புரோட்டாவைக் கொட்டினாள், சால்னாவைக் கவிழ்த்தாள், இட்லிகளைப் போட்டாள். முந்தின நாள் சோறும் பிளாஸ்டிக் வாளியில் சொத்தென்று விழுந்தது. வாளி முக்கால்வாசி நிறைந்தது.

சின்னான் எட்டிப் பார்த்தான். "ஏதும் விசேசமா தாயி?"

"இல்ல. நேத்து மிஞ்சுனது."

"ஒரு நாள் மிச்சமா? இம்புட்டா?" என்று வாளியைத் தூக்கி எடை பார்த்தவன், யோசிக்காமல் கேட்டான். "இத்தனை நாளு இது எங்கிட்டுப் போச்சு?"

சுபலட்சுமி வாளிக்குள் பார்த்தாள். இலைத் துணுக்கும் எண்ணெயும் சோறும் கலந்து, மேலே ஒரு இட்லி பல் தடத்தோடு மிதந்துகொண்டிருந்தது. எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அவள் குளியலறைக்குள் போய் வாந்தியெடுத்தாள்.

மாமியார் ரெங்கம்மாள் இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சோத்தைக் கொட்டுறா பாரு. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளா ஒரு பருக்கை வெளிய போனதில்ல. பன்னிக்கு ஊத்துறா மகராசி."

"நீங்க தின்னுங்க அத்தை. யாரு வேணாம்னா?"

ரெங்கம்மாள் ரோஷக்காரி. தின்றே காட்டினாள். இரண்டு நாள் பழைய புரோட்டாவை எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து மென்றாள். மூன்றாம் நாள் வயிறு போய் நான்கு முறை கொல்லைக்கு நடந்தாள். அதற்குப் பிறகு கொட்டுவதைப் பற்றிப் பேசவில்லை. மருமகள் முதலில் தின்பதைப் பற்றி மட்டும் பேசினாள். வீதியில் கேட்கிற மாதிரி பேசினாள்.

புதுச் சாப்பாடு ருசியாக இருந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. குதிரைவாலியும் கம்பங்கூழும் சுபலட்சுமிக்குப் பேரையூரில் அரிசி வாங்க வழியில்லாத வருஷங்களை ஞாபகப்படுத்தின. அதிலிருந்து தப்பித்துத்தான் புரோட்டாக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டதாக நினைத்திருந்தாள். சுரைக்காய்க் கூட்டு தண்ணீரைக் கடிப்பது போலிருந்தது. மாசியில் மொச்சையும் பனங்கிழங்கும் போய்ப் பங்குனியில் வெள்ளரிப் பிஞ்சு வந்தது. அதையும் மோரையும் வைத்து மதியத்தை ஓட்டினாள். சித்திரையில் தெருவெல்லாம் மாம்பழம். ஒரு துண்டு தின்றுவிட்டுக் கத்தியைக் கழுவி வைத்தாள். பசி வந்தால் அந்த வாளியை நினைத்துக்கொள்வாள். பசி அடங்கும்.

பஸ் ஸ்டாண்டில் விளக்கு மினுக்கும் எடை மெஷின் ஒன்று இருந்தது. காசு போட்டால் அட்டை துப்பும். மாசிக் கடைசியில் எண்பத்தைந்து. பங்குனியில் எண்பத்திரண்டு. அட்டையின் பின்பக்கம், உங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் உண்டு என்று அச்சடித்திருந்தது. அவள் மதுரையைத் தாண்டிப் போனதில்லை.

சின்னான் ஒவ்வொரு நாளும் நன்றியோடு வந்தான். ஒரு நாள் கயிற்றில் கட்டிய பன்னியையே இழுத்துக்கொண்டு வந்து காட்டினான். அதற்குக் கழுத்து காணாமல் போயிருந்தது. தொடை இரண்டும் உரசிச் சிவந்திருந்தன.

"உங்க வீட்டுச் சோறுதான் தாயி. மூணு மாசத்துல பாருங்க, எம்புட்டுச் சதை."

அவள் பார்த்தாள். இடுப்பில் மடிந்த அந்தச் சதை அவளுக்குப் பழக்கமானதாக இருந்தது. "சரி, இழுத்துட்டுப் போ" என்றாள்.

"கடையில எச்சிலை எடுக்குறதும் இப்ப நான்தான். அண்ணே எடுத்துக்கன்னு சொல்லிட்டாரு. நல்லாத்தான் மிஞ்சுது." அவன் சிரித்தான். "உங்க தம்பி இலையில மட்டும் எனக்கு ஒண்ணும் கிடைக்காது. வழிச்சுச் சுத்தமாத் தின்னுருவாரு."

சுபலட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தத் தம்பி?"

"பேரையூர்த் தம்பிதான். செவ்வாயும் வெள்ளியும் வாராருல்ல."

செவ்வாயும் வெள்ளியும் அழகுராஜா மெஷினுக்குப் போகிற நாட்கள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, ஆட்டுக்கறிக் குழம்பை நினைக்கவே கூடாது. குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்து கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கடைக்குப் போனாள். கல்லில் முட்டை சிதறிக்கொண்டிருந்தது. கடைசி மேஜையில் அழகுராஜா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மெஷினில் பாதி உயிரைக் கழுவிவிட்டு வந்த கை, புரோட்டாவைப் பிசைந்து சால்னாவில் முக்கி வாய்க்குக் கொண்டுபோனது. முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. உதட்டோரம் எண்ணெய் வழிந்து மோவாயில் நின்றது. இலையைச் சாய்த்து மிச்சச் சால்னாவை உறிஞ்சினான். அந்தச் சத்தம் அவளுக்கு வாசல்வரை கேட்டது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

அவன் திரும்பினான். பயந்த மாதிரியும் இல்லை. "அக்கா. ரெண்டே ரெண்டு புரோட்டாதான்க்கா. வாய் செத்துப் போச்சு."

சோணை கரண்டியோடு வந்து நடுவில் நின்றான். "ஏ, சத்தம் போடாத. ஆளுக இருக்காக. மாப்ள ஆசையாக் கேக்குறாரு. நோயாளி கேட்டா இல்லைன்னு சொல்லவா? இன்னைக்கு இருக்காரு, நாளைக்கு எப்பிடியோ."

"தண்ணியை அளந்து குடிக்கிறவன் சால்னாவையும் அளந்தியாடா?"

அழகுராஜா விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான். "அதான் நீ தரப் போறேல்ல. அப்புறம் என்னக்கா."

கல்லுக்கு முன்னால் நின்ற ஒரு லாரிக்காரர் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் சிரித்தார். சுபலட்சுமி இலையை உருவி, அதில் பாதிப் புரோட்டா இருக்கையிலேயே, சின்னானுடைய எச்சில் வாளியில் போட்டாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "இனி இவனுக்கு இங்க இலை போட்டீங்கன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். ரெண்டு பேரும் உக்காந்து தின்னுங்க."

அவள் சொன்னது மிரட்டல் இல்லை. வீட்டுக்கு நடந்த வழி முழுக்க அதைத்தான் யோசித்தாள். அவள் உடம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து எங்கே வைக்கப் போகிறார்கள் என்று இப்போது பார்த்துவிட்டாள். எண்ணெய் ஒழுகும் ஒரு வாய்க்குக் கீழே. தராமல் விட்டால் அவன் செத்துவிடுவான். அதுவும் தெரியும். தூக்கி வளர்த்த பிள்ளை, செத்துப் போகட்டும் என்று அவளால் நினைக்க முடியவில்லை. ஆனால் தொட்டுத் தூக்கவும் அன்றைக்குக் கை கூசியது.

பத்மாசினியிடம் போனபோது எண்பதில் முள் நின்றது. "மூணு வாரமா நிக்குது. மனசு விட்டுட்டீங்களா?"

"இல்ல மேடம். எங்க ஆளு ஒருத்தன் தின்னதைப் பார்த்தேன். அந்தக் கோவத்துல நானும் எதையெதையோ தின்னுட்டேன்."

"இன்னும் தருவீங்கள்ல?"

"தெரியல. எடை குறையட்டும். குறைக்கிறதை எனக்காகக் குறைக்கிறேன். கொடுக்குறதைப் பெறகு பாப்போம்."

வைகாசியில் எழுபத்தெட்டு. பாசத்தில் இளைத்ததாக உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் அருவருப்பில் இளைத்தாள். எண்ணெய் வாசம் அடித்தாலே வாய் தானாக மூடிக்கொண்டது. அழகுராஜா இப்போது மதுரையிலிருந்து திரும்பும்போது திருமங்கலத்தில் இறங்கி நேரே அவள் வீட்டுக்கு வந்தான். உப்பில்லாமல் சமைத்து வைத்ததை முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றான். அவன் தின்று முடிக்கும்வரை எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "போலீஸ் மாதிரி இருக்கக்கா" என்றான் ஒரு முறை. "ஆமா" என்றாள். மூன்று வாரத்தில் அவன் முக வீக்கம் வடிந்து, பழைய கண் தெரிந்தது.

ஆனி மாதம், நாவல் பழம் சந்தைக்கு வந்த வாரம், முள் எழுபத்தைந்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. டாக்டர் இரண்டு முறை பார்த்தார். சோணை எதுவும் கேட்காமலேயே சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டான். அவளுடைய தாள் மட்டும் மேஜையில் காத்திருந்தது. கடைசி ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு அழகுராஜாவின் கட்டிலுக்குப் போனாள். மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். இரண்டு இட்லியில் ஒன்றரை மிஞ்சியிருந்தது. பாதியில் பல் தடம்.

"போதும்க்கா. இதை நீ தின்னுட்டுத் தட்டைக் கழுவி வச்சிரு" என்று நீட்டினான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நீட்டுவான். அவளும் அப்படித்தான் வாங்குவாள். இப்போதும் வாங்கினாள். விரல் தானாகவே அந்தப் பாதி இட்லிக்குப் போய்விட்டது. எச்சில் ஈரம் விரலில் பட்டது.

மூலையில் இருந்த குப்பைத் தொட்டியில் தட்டைக் கவிழ்த்துத் தட்டினாள். குழாயடியில் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். அழகுராஜா பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவமாக்கா?"

"இல்ல. தின்ன முடியலைன்னா கம்மியா வாங்கு."

அவன் போர்வையை இழுத்து மடியை மூடிக்கொண்டான். "தருவேல்ல?"

அவள் அவனைப் பார்த்தாள். எண்ணெய் இல்லாத உதடு. வெடித்துக் காய்ந்திருந்தது. "தர்றேன். ஆனா இனிமே உன் மிச்சத்தைத் திங்க மாட்டேன்."

மேஜைக்குப் போய்த் தாளில் கையெழுத்துப் போட்டாள். ஈரக் கை பட்டு அவள் பெயரின் முதல் எழுத்து கரைந்தது. மறுபடி ஒருமுறை எழுதினாள். நர்ஸ் அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"காலைலருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல" என்றாள் சுபலட்சுமி. யோசித்துப் பார்த்துவிட்டு, இந்த முறை தெரிந்தேதான் சொன்னாள்.